ஓய்வும் உத்ஸவமும்

ஸம்ஸ்கிருதம் பயிலப் புகும் சிறுவர்கள் முதன்முதலாக நெட்டுருப் போடும் நூல்களில் ஒன்று அமரகோசம். அமரஸிம்ஹர் இயற்றிய அந்த நிகண்டில் 'க்ஷணம்' என்னும் சிறுசொல் உத்ஸவத்தின் பெயர்களுள் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது. பல பொருள் தரும் சொற்களைத் தொகுத்த பகுதியில் அதே சொல்லுக்கு மூன்று பொருள்கள் கூறப்படுகின்றன: தொழிலற்று ஓய்ந்திருக்கும் நிலை, காலத்தின் ஓர் அளவு, திருவிழா. வேலை ஓய்ந்த நிலையும், கணப்பொழுதும், விழாவும் ஒரே சொல்லில் அடங்கி நிற்பதைப் பாடம் ஒப்பிக்கும் சிறுவன் கவனிப்பதில்லை. வாழ்க்கையில் உழைத்துக் களைத்தவனோ அதைக் கவனியாமல் இருத்தல் அரிது.

ஓய்வு என்பது என்ன? அது உடற்களைப்பு நீங்கும் இடைவெளி மட்டுமா, அன்றி மனிதன் அடைய வேண்டிய ஒரு பேறா? பேறாயின் அது சிலருக்கே உரியதா, அனைவருக்கும் உரியதா? ஒருவருடைய ஓய்வுக்காகப் பிறர் ஓய்வின்றி உழைப்பது தர்மத்துக்கு ஒக்குமா? இவ்வினாக்கள் இன்று தோன்றியவை அல்ல. பண்டைய நாடுகள் ஒவ்வொன்றும் இவற்றுக்குத் தத்தம் வழியில் விடை கூற முயன்றுள்ளன. அவ்விடைகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் இவ்விஷயத்தில் மெய் எது என்பது ஓரளவு புலப்படும்.

சுண்ணாம்புக்கல் சொல்லும் செய்தி

எகிப்து நாட்டில் தீபஸ் நகருக்கு எதிரே, நைல் நதியின் மேல்கரையில், அரசர்களின் கல்லறைகளைக் குடைந்து சித்திரம் தீட்டிய தொழிலாளர் வாழ்ந்த சிற்றூர் ஒன்று இருந்தது. இன்று அதனைத் தெய்ர் எல்-மதீனா என்பர். அவ்வூராருக்குப் பத்து நாள் ஒரு வாரம். அதன் இறுதியில் ஓய்வு. இரண்டாம் ராமேஸஸ் மன்னனுடைய நாற்பதாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறக்குறைய கி.மு. 1250-இல், எழுதப்பட்ட வருகைப் பதிவு ஒன்று சுண்ணாம்புக்கல் துண்டில் எஞ்சி, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நாற்பது தொழிலாளரின் பெயர்களும், அவர்கள் வேலைக்கு வாராத நாட்களும், வாராமைக்குக் காரணங்களும் அதில் உள்ளன. ஒருவனைத் தேள் கொட்டிற்று. ஒருவனுக்குக் கண்நோய். ஒருவன் தன் தாயின் சடலத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்துகொண்டிருந்தான். மற்றொருவன் பார்லி மது காய்ச்சச் சென்றான்.

மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஓர் எழுத்தனின் கணக்கு இது. இதில் தத்துவம் ஏதும் இல்லை. ஆயினும் ஓர் உண்மை இருக்கிறது. உழைக்கும் மனிதனுக்கு உடல் உண்டு, வீடு உண்டு, தாய் உண்டு, கொண்டாட்டம் உண்டு என்பதை வேலை வாங்கியவர்கள் அறிந்திருந்தார்கள். அறிந்ததை எழுதியும் வைத்தார்கள்.

யவனர் கண்ட ஓய்வு

ஓய்வை ஒரு தத்துவப் பொருளாக எடுத்து ஆராய்ந்தவர்கள் கிரேக்கர்கள். அவர்கள் மொழியில் ஓய்வுக்கு 'ஸ்கோலே' என்று பெயர். இச்சொல்லே உருமாறிப் பிற்காலத்தில் ஆங்கிலத்தில் 'ஸ்கூல்' ஆயிற்று. பள்ளிக்கூடம் என்பதன் பெயரே ஓய்வு என்பதிலிருந்து பிறந்தது என்றால் இன்றைய மாணவர்கள் நம்புவது கடினம். கிரேக்க மொழியில் தொழிலுக்கு வழங்கிய சொல் 'அஸ்கோலியா', அதாவது ஓய்வின்மை. ஓய்வே இயல்பு, தொழில் அதன் குறைவு என்பது அச்சொல்லமைப்பின் கருத்து.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) இக்கருத்தை நிலைநாட்டினார். அமைதிக்காகப் போர் செய்வது போல, ஓய்வுக்காகவே மனிதன் தொழில் செய்கிறான் என்றார் அவர். விளையாட்டும் கேளிக்கையும் மீண்டும் உழைப்பதற்கான மருந்து மாத்திரம்; உண்மையான ஓய்வோ தன்னளவிலேயே பயனாக நிற்கும் மெய்ப்பொருள் ஆராய்ச்சி என்பது அவர் கொள்கை. எகிப்தில் கணித சாஸ்திரம் தோன்றியதற்கு அங்கிருந்த அர்ச்சக வகுப்பாருக்கு ஓய்வு கிடைத்ததே காரணம் என்றும் அவர் எழுதினார். ஸ்பார்ட்டா நகரத்தாரைப் பற்றி அவர் கூறியது சிந்திக்கத் தக்கது. அவர்கள் போர்க்கலையை மட்டுமே பயின்றவர்கள். போர் உள்ளவரை தழைத்தார்கள். ஆதிக்கம் கைக்கு வந்ததும் ஓய்வை எப்படிக் கழிப்பது என்று அறியாமல் அழிந்தார்கள். ஓய்வுக்கும் பயிற்சி வேண்டும் என்பது இதன் சாரம்.

இவ்வளவு உயர்ந்த கருத்துக்கு அடியில் ஒரு கறை உண்டு. அடிமையை உயிருள்ள கருவி என்று வகுத்தவரும் அதே அரிஸ்டாட்டில்தான். தறியின் நாடா தானே நெய்யுமாயின் எஜமானனுக்கு அடிமை வேண்டியதில்லை என்று அவர் கூறினார். ஒருவன் ஆராய்ச்சியில் அமர மற்றொருவன் நெய்தே ஆகவேண்டும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஸ்பார்ட்டாவின் வீரர்கள் உழவறியாது போர் பயின்றதும் ஹெலட்டுகள் எனப்பட்ட கொத்தடிமைகளின் உழவினால்தான். தறிகள் தாமே நெய்யும் காலம் வந்து இன்று பல தலைமுறைகள் கடந்துவிட்டன. அடிமை முறையைச் சட்டங்கள் ஒழித்தன. ஆயினும் ஒருவருடைய ஓய்வை மற்றொருவரின் களைப்பு தாங்குவது முற்றும் ஒழிந்ததாகச் சொல்ல இயலாது.

ரோமாபுரியும் ஏழாம் நாளும்

ரோமர்கள் ஓய்வை 'ஓடியம்' என்றும் தொழிலை 'நெகோடியம்' என்றும் வழங்கினர். இங்கும் தொழில் என்பது ஓய்வல்லாதது என்றே பொருள்படும். செல்வர்கள் தோட்ட மாளிகைகளில் நூல் பயின்றார்கள். நகர மக்களுக்குக் காட்சிகள் அளிக்கப்பட்டன. கி.பி. 354-ஆம் ஆண்டின் பஞ்சாங்கம் ஒன்றில் 177 நாட்கள் காட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன: 101 நாள் நாடகம், 66 நாள் தேர்ப்பந்தயம், 10 நாள் வாள்மல்லரின் போர். ஆண்டில் ஏறக்குறைய பாதி! மனிதன் மனிதனைக் கொல்வதைக் கண்டு பொழுது போக்கிய அந்தப் பத்து நாட்களை எந்தத் தர்மமும் ஒப்பாது.

அடிமையின் ஓய்வு எப்படி இருந்தது? அதற்குக் கேட்டோ (கி.மு. 234–149) எழுதிய வேளாண்மை நூலே சாட்சி. விழா நாட்களில் பழைய வாய்க்கால்களைத் தூர் வாரலாம், சாலையைச் செப்பனிடலாம், முட்புதரை வெட்டலாம் என்று அவர் பட்டியலிடுகிறார். மூப்படைந்த எருதையும் மூப்படைந்த அடிமையையும் விற்றுவிடுமாறு ஒரே மூச்சில் அறிவுரை கூறுகிறார். டிசம்பர் 17-இல் தொடங்கும் ஸாடர்னேலியா விழாவில் மட்டும் எஜமானர்கள் அடிமைகளோடு சமமாக விருந்துண்டார்கள், சில இடங்களில் அவர்களுக்குப் பரிமாறவும் செய்தார்கள். விழா முடிந்ததும் பழைய முறை திரும்பிற்று.

இதற்கு நேர்மாறான விடையை யூதர்களின் மறை கூறிற்று. ஏழாம் நாள் ஓய்வு வீட்டுத் தலைவனுக்கு மட்டும் விதிக்கப்படவில்லை. மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் வந்த அந்நியன் ஆகிய அனைவர்க்கும் அது பொது. நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தவன் என்பதை நினைவில் கொள் என்று அதற்குக் காரணமும் கூறப்பட்டது. தன் களைப்பை மறவாதவனே பிறன் களைப்பை அறிவான் என்பதன்றோ இதன் பொருள்? வாழ்நாளில் ஏழில் ஒரு பங்கை வீணாக்குகிறார்கள் என்று இவ்வழக்கத்தை ரோமத் தத்துவஞானி ஸெனெகா இகழ்ந்ததாகப் பிற்காலத்து அகஸ்டின் குறிக்கிறார். காலத்தின் அருமையைப் பற்றித் தனி நூலே எழுதியவர் ஸெனெகா. எனினும் எருதுக்கும் ஏவலாளுக்கும் கிடைத்த ஒரு நாள் அவர் கணக்கில் நஷ்டமாகவே பட்டது. பின்னர் கி.பி. 321-இல் கான்ஸ்டன்டைன் மன்னன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாக்கிய போதும், பருவம் தவறக்கூடாது என்று உழவர்களுக்கு மட்டும் வேலை செய்ய அனுமதி வைத்தான்.

பாரத தேசத்து நூல்கள்

பாரத தேசத்து நூல்களிலும் இவ்விரு போக்குகளும் காணப்படுகின்றன. வாத்ஸ்யாயனர் வருணிக்கும் நாகரிகனுக்கு நாள் முழுதும் ஓய்வே. காலையில் ஸ்நானம், தாம்பூலம், கிளிகளுக்குப் பேச்சுக் கற்பித்தல், பகலுறக்கம், பிற்பகலில் கோஷ்டி, மாலையில் ஸங்கீதம் என்று அவன் பொழுது செல்கிறது. ஆயினும் பிறருக்குத் தீங்கு செய்வதையே தொழிலாகக் கொண்ட கோஷ்டியில் அறிவுடையோன் சேரலாகாது என்று அவரே வரம்பு கட்டுகிறார். அந்நாகரிகனுடைய பாலை யார் கறந்தார்கள், சந்தனத்தை யார் அரைத்தார்கள் என்பதை அந்நூல் விரித்துரைக்கவில்லை.

அர்த்தசாஸ்திரம் அரசனுடைய பகலை எட்டுப் பங்காகப் பிரித்து, ஆறாம் பங்கில் அவன் விருப்பம்போல் பொழுது போக்கலாம் என்கிறது. அதே நூல், புதிதாகக் குடியேற்றிய கிராமங்களில் கேளிக்கை மண்டபங்கள் கட்டலாகாது, நடரும் பாடகரும் குடியானவர்களின் வேலையைக் கெடுக்கலாகாது என்றும் விதிக்கிறது. வரி செலுத்துபவனுடைய ஓய்வை அரசு விரும்பவில்லை என்பது தெளிவு.

அசோகச் சக்கரவர்த்தியின் சாஸனங்களோ வேறொன்றைக் காட்டுகின்றன. முன்னைய அரசர்கள் வேட்டை முதலியவற்றுக்காக உல்லாச யாத்திரை சென்றார்கள்; அசோகனோ முடிசூடிப் பத்தாண்டு ஆனபின் போதிமரம் இருந்த இடத்துக்குச் சென்று, அது முதல் தர்மயாத்திரையை மேற்கொண்டான் என்று எட்டாம் பாறைச் சாஸனம் கூறுகிறது. பெரியோரைக் காண்பதும், பொருள் கொடுப்பதும், நாட்டுப்புற மக்களோடு உரையாடுவதும் அவனுக்குப் பெருமகிழ்ச்சி தந்தனவாம். ஓய்வைத் துறக்காமலே, அதன் உள்ளீட்டை மட்டும் மாற்றிக்கொண்ட மன்னன் அவன்.

வேதம் ஓதும் மாணவர்களுக்கு அனத்யயன காலங்களை ஸ்மிருதிகள் வகுத்தன. பிரதமை, அஷ்டமி, சதுர்தசி, அமாவாஸ்யை, பௌர்ணமி நாட்களில் பாடம் இல்லை. இடி இடித்தால் இல்லை, புழுதிக்காற்று வீசினால் இல்லை, நரி ஊளையிட்டால் இல்லை, சான்றோர் ஒருவர் வீட்டுக்கு வந்தால் இல்லை. யாஜ்ஞவல்க்ய ஸ்மிருதி இத்தகைய காலங்களை 37 என்று எண்ணித் தொகுத்துள்ளது. கற்பதற்கு விதி உண்டானது போலவே கல்லாமல் இருப்பதற்கும் விதி உண்டு. பிரதமையில் பாடம் படிப்பவனுடைய வித்தை போல ஸீதாபிராட்டி மெலிந்திருந்தாள் என்று ஸுந்தர காண்டத்தில் அனுமன் உரைப்பதும் இவ்வழக்கத்தை ஒட்டியதே. ஓயாமல் படிப்பது படிப்பையே தேய்க்கும் என்பதை அவ்வாசிரியர்கள் கண்டிருந்தனர்.

மாணவனுக்கு அளித்த அத்தனை விரிவான பட்டியலை வயலில் நின்ற கூலியாளுக்கு அந்நூல்கள் அளிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எனினும் பராசர ஸ்மிருதியில் ஓர் ஒளிக்கீற்று உண்டு. பசித்த எருதை, தாகித்த எருதை, களைத்த எருதை ஏரில் பூட்டாதே. பாதி நாள் உழு. பின்பு அதனைக் குளிப்பாட்டு என்கிறார் பராசரர். எட்டு எருதுகளை மாற்றி மாற்றிப் பூட்டுவது தர்மம், இரண்டே எருதுகளைக் கொண்டு ஓயாமல் உழுவது பசுக்கொலைக்கு நிகர் என்பது அவர் தீர்ப்பு. எருதுக்கு உரியது எருதைப் பூட்டுபவனுக்கும் உரியது என்று கொள்ளத் தடை யாது?

எண்ணெயும் தலைமுழுக்கும்

இடைக்காலத்தில் ஓய்வு ஏட்டிலிருந்து நிர்வாகத்துக்குள் நுழைந்தது. சீன தேசத்தில் ஹான் வம்ச ஆட்சியில் அதிகாரிகளுக்கு ஐந்து நாளுக்கு ஒரு முறையும், டாங் வம்ச ஆட்சியில் பத்து நாளுக்கு ஒரு முறையும் விடுமுறை. அதன் பெயரே 'ஓய்ந்து தலைமுழுகுதல்' என்பதாம். இதனைப் படிக்கும்போது பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில் நினைவுக்கு வரும். பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் பொறித்த நெடிய கல்வெட்டு ஒன்று அங்கே உள்ளது. வேத பாடசாலை, மாணவர் விடுதி, பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலசாலை ஆகியவற்றுக்கான செலவுகள் அதில் கணக்கிடப்பட்டுள்ளன. உணவும், இரவு விளக்கெரிக்க எண்ணெயும் மட்டுமன்றி, மாணவர்கள் சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெயும் அதில் ஒதுக்கப்பட்டது. பெருமாளுக்குத் திருவிளக்கு எண்ணெய் அளந்த கையே பிள்ளைகளின் தலைக்கும் எண்ணெய் அளந்தது. அறக்கட்டளை என்பதற்கு இதனினும் இனிய உதாரணம் எளிதில் கிடைக்காது.

ஐரோப்பாவில் ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் முனிவர் வகுத்த மடத்து விதிகள் சோம்பலை ஆன்மாவின் பகை என்றன. உடலுழைப்புக்கு இத்தனை நாழிகை, வாசிப்புக்கு இத்தனை நாழிகை என்று பிரித்தன. தாமஸ் அக்வினாஸ் (1225–1274) அளவோடு கூடிய விளையாட்டும் ஒரு நற்பண்பே என்றார். எப்போதும் நாணேற்றி வைத்த வில் முறியும் என்ற பழங்கதையை அதற்கு எடுத்துக் காட்டினார். திருநாட்கள் ஞாயிறுகளுக்கு மேலும் பலவாகப் பெருகின. குடியும் சூதும் மலிகின்றன என்று கூறி, ஞாயிறு தவிர மற்றத் திருநாட்களை ஒழிக்குமாறு மார்ட்டின் லூதர் 1520-இல் எழுதினார். இங்கிலாந்தில் 1536-இல் அறுவடைக் காலத்துத் திருநாட்கள் பல நீக்கப்பட்டன. குடி குறைந்ததோ இல்லையோ, ஏழைத் தொழிலாளியின் ஓய்வு நாட்கள் குறைந்தன.

இரண்டு உரைகற்கள்

ஓய்வை ஐயுற்றவர்கள் கூறியதில் நியாயம் இல்லாமல் இல்லை. காமத்தில் பிறக்கும் பத்துக் குற்றங்களை மனு எண்ணும்போது வேட்டை, சூது, பகலுறக்கம், புறங்கூறல், மது, வீண்சுற்றல் முதலியவற்றைச் சேர்க்கிறார். இவை யாவும் வெற்றுப்பொழுதில் முளைப்பவை. இன்று கைபேசியில் விரலைத் தள்ளித் தள்ளி நள்ளிரவு வரை விழித்திருப்பவன் வேலையும் செய்யவில்லை, ஓய்வும் பெறவில்லை. பொழுதைப் 'போக்குவது' என்று தமிழில் வழங்கும் சொல்லே அதன் ஆபத்தையும் சுட்டுகிறது. போக்கிய பொழுது மீண்டும் வருவதில்லை.

ஆயின் ஒருவன் உணவை அளவின்றி உண்டான் என்பதற்காகப் பசித்தவனுக்குச் சோறு மறுப்பது நீதியாகாது. ஓய்வை உரைத்துப் பார்க்க இரண்டு கற்கள் போதும். இவ்வோய்வு எதற்காக என்பது ஒன்று. யாருடைய உழைப்பின்மேல் நிற்கிறது என்பது மற்றொன்று. கிரேக்க அறிஞர்கள் முதற்கல்லில் தேறினார்கள், இரண்டாவதில் தவறினார்கள். ரோமாபுரியின் வாள்மல்லர் காட்சி இரண்டிலும் தவறிற்று. எருதையும் ஏவலாளையும் நினைத்த ஏழாம் நாள் இரண்டிலும் தேறிற்று.

பகவத் ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் ஸ்ருஷ்டியின் பிரயோஜனத்தை ஆராயுமிடத்து ஓர் உவமை கூறுகிறார். ஏழு தீவுகளையும் ஆளும் மஹாராஜன், ஒரு குறையும் இல்லாதவன், பந்து விளையாடுகிறான். விளையாட்டே அதற்குப் பயன். அதுபோலவே அவாப்த ஸமஸ்த காமனான எம்பெருமானுக்கு ஜகத்ஸ்ருஷ்டி லீலை. குறையை நிரப்புவதற்காகச் செய்வது தொழில். நிறைவிலிருந்து பெருகுவது லீலை. மனிதனுக்கு அந்நிறைவு இயல்பாக இல்லை. ஆனால் பலனைக் கருதாது, அன்பினால் உந்தப்பட்டுச் செய்யும் கைங்கர்யத்தில் அதன் நிழல் அவனுக்கும் கிட்டுகிறது. மாலை தொடுப்பவள் கூலிக்காகத் தொடுக்கும் பூவும் அன்பினால் தொடுக்கும் பூவும் பார்வைக்கு ஒன்றே. தொடுக்கும் விரலுக்கு மட்டும் வேறுபாடு தெரியும்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. கைங்கர்யம் என்பது ஒருவர் தாமே விரும்பிச் செய்வது. பிறரிடம் வசூலிப்பது அன்று. கூலியைக் குறைப்பதற்கும் ஓய்வை மறுப்பதற்கும் கைங்கர்யம் என்ற திருநாமத்தைப் பயன்படுத்துவது, பந்து விளையாடிய மஹாராஜனின் உவமையைக் கேட்டோவின் பட்டியலோடு சேர்த்துக் கட்டுவதாகும். உத்ஸவம் காண வருபவருக்கு அது ஓய்வு. அதே நாட்களில் மடப்பள்ளியில் அடுப்பின் முன் நிற்பவருக்கும், நாதஸ்வரம் வாசிப்பவருக்கும், வீதி பெருக்குபவருக்கும், வாஹனத்தைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதந்தாங்கிகளுக்கும் அது ஆண்டின் கடினமான உழைப்பு. இதனை மறந்த உத்ஸவத்தில் அமரகோசம் சொன்ன மூன்று பொருள்களுள் ஒன்று குறைந்துவிடும்.

முன்னோர் இதனை மறந்தவர்கள் அல்லர் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. பிரஹ்மோத்ஸவம் நிறைவுற்றபின் பல திருக்கோயில்களில் விடாயாற்றி நடைபெறுகிறது. விடாய் என்பது தாகம், களைப்பு. வீதிதோறும் எழுந்தருளிய எம்பெருமானின் திருமேனிக் களைப்பை ஆற்றுவதற்கென்றே ஏற்பட்ட நாட்கள் அவை. களைப்பே இல்லாதவனுக்குக் களைப்பாற்றும் விழா எதற்கு? சுமக்கப்பட்டவனுக்கே விடாய் ஆற்றவேண்டுமானால், சுமந்தவர்களுக்கு எவ்வளவு ஆற்றவேண்டும் என்று சிந்திக்க வைப்பதற்கே அது ஏற்பட்டதாகக் கொள்வது தகும்.

ஆதலின் உத்ஸவத்தில் கலந்துகொள்ளும் அன்பர்கள், பெருமாளை ஸேவித்த கண்ணாலே, திருவடி நிலையைத் தாங்கிய தோள்களையும் ஒருமுறை நோக்குவார்களாக. அத்தோள்களுக்கு நிழலும் நீரும் வயிறார உணவும் உரிய கூலியும், விழா முடிந்தபின் ஓய்வும் கிடைத்தனவா என்று கேட்பார்களாக. தம் வீட்டிலும், விழா நாளில் அடுக்களையை விட்டு வெளிவர இயலாதவர் யார் என்று எண்ணிப் பார்ப்பார்களாக. அவ்வனைவரும் அமர்ந்து ஆறுதல் பெறும் பொழுதே க்ஷணம் என்ற சொல் தன் முழுப்பொருளையும் பெறும். உத்ஸவமும் அன்றே நிறைவுறும்.

சுபம்.